பெயின்ற் மாற்றிய டைனோசரைக் கையில் எடுத்தால்

பெயின்ற் மாற்றிய டைனோசர் பொம்மை ஒன்றை மதிப்பிடும்போது பொம்மைக்கு ஒரு கணக்கு, பெயின்றுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் கலந்தால் காசு போகும். கடைகளில் தாராளமாகக் கிடைத்த ரி.ரெக்ஸ் ஒன்றுக்கு நல்ல கைவேலை பெறுமதியைக் கூட்டும். அதே கைவேலை 1993இல் கென்னர் கொம்பனி வெளியிட்ட ஜுராசிக் பார்க் உரு ஒன்றின்மேல் ஏறியிருந்தால் பெறுமதி இறங்கிவிடும். பழசு சேர்க்கிறவர்கள் தேய்ந்த மூலப் பெயின்றைப் பொறுத்துக்கொள்வார்கள், மூடப்பட்டதைப் பொறுக்கமாட்டார்கள்.

அதனால் முதலில் பொம்மையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். பாதத்தின் அடி, தொடையின் உட்பக்கம், வயிறு, வாலின் அடி ஆகிய இடங்களில் கொம்பனிப் பெயர், ஆண்டு, செய்த நாடு எல்லாம் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். கென்னரின் உருக்களில் ஜுராசிக் பார்க்கைக் குறிக்கிற ஜேபி (JP) அடையாளம் இருக்கும். 2018இலிருந்து மட்டெல் கொம்பனி வெளியிட்டவற்றில் பலதில் கைபேசியால் வாசிக்கிற சின்னக் குறியீடு ஒன்று இருக்கும். அங்கே உள்ள ஆண்டு அச்சுக்குரிய ஆண்டு, பொம்மை கடைக்கு வந்த ஆண்டு என்று எடுக்கக்கூடாது. கொம்பனிகள் ஒரே அச்சை வருடக்கணக்காக நிறம் மாற்றி மாற்றி விடும். எழுத்து அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தாலோ அந்த இடம் மட்டும் வழுவழுப்பாக இருந்தாலோ பெயரில்லாத பிரதி என்றே எடுங்கள். திருவிழாக் கடைப் பிரதியின்மேல் நல்ல பெயின்ற் ஏறினால் படத்தில் வித்தியாசம் தெரியாது.

விற்பவர் கொம்பனி மாற்றிய நிறத்துக்கும் கையால் மாற்றிய நிறத்துக்கும் 'ரீபெயின்ற்' என்ற ஒரே சொல்லைத்தான் பாவிப்பார். பிரித்தறியக் கண்ணைப் பாருங்கள். தொழிற்சாலையில் கண்மணி முத்திரை குத்துவதுபோல அச்சாகும். விளிம்பு கூராக, நிறம் ஒரே தடிப்பில் இருக்கும். முதுகுக் கோடுகள் தகட்டு மறைப்பு வைத்து விசிறப்படுவதால் அதே பதிப்பின் இன்னொரு பொம்மையிலும் அதே இடத்தில் நிற்கும். கைவேலையில் கண்ணின் விளிம்பில் தூரிகையின் நடுக்கமும், இரு பக்கக் கோடுகளில் சிறு வேறுபாடும் இருக்கும். அது குறை அல்ல. இரு கண்களும் வெவ்வேறு திசை பார்ப்பதுதான் குறை.

மூட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ரி.ரெக்ஸின் பின்னங்காலைப் பிடித்து முன்னும் பின்னும் முழுதாக ஒருதடவை மெல்லச் சுழற்றுங்கள். இடுப்பில், தொடை உடம்போடு உரசுகிற வட்டத்தில், பிறை வடிவில் ஒரு கீறல் எழும்பினால் மூட்டைக் கழற்றாமலே மேலால் பெயின்ற் அடிக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாறு தடவை சுழற்றியதும் அந்தப் பிறை அகலும். அடியிலுள்ள பிளாஸ்ரிக்கின் நிறம் அங்கேதான் தெரியும். எந்தப் பதிப்பின்மேல் வேலை செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க அது உதவும். மூட்டு அசையாவிட்டால் பலவந்தம் செய்யவேண்டாம். இடைவெளியில் பெயின்ற் ஊறி ஒட்டியிருக்கும், திருப்பினால் முளை முறியும். அக்கறையாகச் செய்பவர் திருகாணியைக் கழற்றியோ, காலைச் சுடுதண்ணியில் இளக்கியோ பிரித்து, உரசும் முகத்தை மெல்லியதாகத் தேய்த்து, அங்கே பெயின்றை மிகக் குறைவாக விட்டிருப்பார்.

அடுத்தது தொடுகை. கை, கால், வால் போன்ற வளைகிற பாகங்கள் பெரும்பாலும் மென்மையான பிவிசி பிளாஸ்ரிக். அதிலுள்ள இளக்கிப் பொருள் மெல்ல மேலே கசியும். எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயின்றோ தகர ஸ்பிரேயோ அதன்மேல் அடிக்கப்பட்டால் பலவேளை மாதங்கள் போனாலும் காயாது, பிசுபிசுக்கும். தண்ணியில் கரைக்கிற அக்ரிலிக் பெயின்ற் இந்த விஷயத்தில் நல்லது. சோதிக்க ஒரு மெல்லிய ரிஷூத் தாளை வாலின்மேல் வைத்து ஒரு நிமிடம் பெருவிரலால் அழுத்தி எடுங்கள். நார் ஒட்டினால் அந்தப் பொம்மை தூசியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில் கிளிநொச்சிப் பக்கத்துச் செம்புழுதியை யோசித்துப் பாருங்கள். இந்தச் சோதனையை மத்தியான வெக்கையில் செய்யவேண்டும். விடியற்புறக் குளிரில் பிசுபிசுப்பு அடங்கியிருக்கும். வாலை மெல்ல வளைத்து வெடிப்பு விழுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பொம்மையின்மேல் ரோச் லைற்றைத் தோலோடு படுக்கவைத்ததுபோலச் சாய்த்து அடியுங்கள். செதிலின் நிழல் ஒவ்வொன்றாக விழவேண்டும். கன்னத்திலும் விரலிடுக்கிலும் செதில் அடைபட்டிருந்தால் பெயின்ற் தடிப்பு, அல்லது பழைய பெயின்றுக்கு மேலேயே அடித்திருக்கிறார்கள். ஓரிடம் மட்டும் வழுவழுப்பாக இருந்தால் அங்கே முறிவை நிரப்பித் தேய்த்திருக்கலாம். புற ஊதா ரோச் இருந்தால் அடித்துப் பாருங்கள், பசையும் நிரப்பியும் பலவேளை வேறு விதமாக மினுங்கும்.

வெள்ளைப் படலம் கண்டால் அவசரப்படாதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணி கடினமானது, கழுவிக் காயவைத்தாலே வெள்ளை வட்டம் விழும். மழைத் தண்ணியில் நனைத்த பஞ்சால் துடைத்தால் அது பெரும்பாலும் போகும். துடைத்தும் பனிபோல நின்றால் மாரிகால ஈரப்பதனில் வார்னிஷ் அடித்ததால் வந்த மங்கல். அதன்மேல் காய்ந்த நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்தால் சிலவேளை தெளியும், நிச்சயமில்லை.

உடையவர் சம்மதித்தால் மட்டும் கடைசிச் சோதனை. பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கவட்டின் உட்பக்கத்தில் ஒரு அரிசிமணி அளவு இடத்தில் ஐந்து விநாடி தேய்த்துப் பாருங்கள். வார்னிஷ் இல்லாத அக்ரிலிக் உடனே வரும். முதலில் ஒரு நிறமும் பிறகு வேறொரு நிறமும் வந்தால் அடியில் இன்னொரு பூச்சு இருக்கிறது, பலவேளை அது தொழிற்சாலைப் பெயின்ற். ஆனால் மேற்பூச்சை மட்டும் எடுத்து மூலத்தைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ஸ்பிரிட் இரண்டையும் தின்னும். நகப்பூச்சு அழிக்கிற அசிற்றோன் பக்கமே போகக்கூடாது. ஏபிஎஸ் என்கிற கடினமான பிளாஸ்ரிக் பாகத்தையே கரைத்துவிடும்.

சத்தம் போடுகிற பொம்மை என்றால் பற்றரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. மூடியின் உட்பக்கத்தில் பெரும்பாலும் பெயின்ற் அடிக்கமாட்டார்கள் என்பதால் மூல நிறத்தையும் அங்கே பார்க்கலாம். இரண்டு காலில் நிற்பதைக் கண்ணாடித் தட்டில் கால்மணி நேரம் நிறுத்துங்கள். வெக்கையில் இளகிய கால் மெல்லச் சாயும். சுடுதண்ணியில் நேராக்கலாம்தான், ஆனால் மேலே உள்ள பெயின்ற் அந்த வளைவில் வெடிக்கக்கூடும்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டுப் பெட்டியிலோ வருவதென்றால் நான்கு படம் கேளுங்கள்: பாதத்தின் அடி, திறந்த வாயின் உள், மூடி திறந்த பற்றரி அறை, காலை முன்னும் பின்னும் திருப்பிய இடுப்பு. இடுப்புப் படம் தர மறுத்தால் அந்தப் பொம்மையை விட்டுவிடுவதே நல்லது.

விலைக்கு, அதே பொம்மை பெயின்ற் மாறாமல் இப்போது போகிற விலையை அடியாக வையுங்கள். சாதாரண அச்சும் நல்ல மூட்டும் நல்ல செதிலும் என்றால் வேலைக்கூலியைக் கூட்டலாம். பிசுபிசுத்தால், முழுப் பெயின்றையும் உரிக்கிற வேலையைக் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

வாங்கினால் பொலித்தீனில் சுற்றாதீர்கள், பஸ் வெக்கையில் ஒட்டும். அச்சில்லாத வெள்ளைக் கடதாசியோ பழைய பருத்திச் சீலையோ போதும். என்ன பெயின்ற், என்ன வார்னிஷ், எப்போது அடித்தது என்று அடித்தவரிடம் கேட்டு ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு கைமாறும்போது அந்தத் துண்டும் பொம்மையோடு போகவேண்டும்.