மேலே போகிற பந்தின் மீது என்ன விசை? விளக்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்

இயக்க விதிகள் பாடம் முடித்த கையோடு வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். பந்தை நேராக மேலே எறிந்தாயிற்று, கையை விட்டுக் கிளம்பி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, காற்றுத் தடையை விட்டுவிடுவோம், இப்போது அதன் மீது என்னென்ன விசை? மூன்று விதிகளையும் வரி பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளே “கை கொடுத்த விசை மேலே தள்ளுது சார், போகப் போகக் குறையுது” என்பார்கள். உண்மையில் அங்கே இருப்பது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டும்தான். விசை இருந்தால்தான் பொருள் நகரும் என்ற எண்ணம் பள்ளிக்கு வருவதற்கு முன்பே மனதில் ஊறிவிட்டது. அதை வெளியே எடுக்காமல் மேலே பாடத்தை ஊற்றினால் மதிப்பெண் வரும், அவ்வளவுதான்.

அதனால் விளக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். கேள்வியையும் நான்கு விடைகளையும் கரும்பலகையில் எழுதி, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்கச் சொல்லுங்கள். பிறகு விடை எண்ணை விரலால் நெஞ்சருகே காட்டட்டும், கையை உயர்த்தினால் முதல் ரேங்க் பையனைப் பார்த்து மற்றவர்களும் விரலை மாற்றிக்கொள்வார்கள். சரியான விடை எவ்வளவு என்று ஒரு பார்வை பாருங்கள். 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் அடிப்படையையே இன்னொரு முறை நடத்த வேண்டும், 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் சுவாரசியம்: வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடவிட்டு, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய முறை இது, நம் ஊர் வகுப்பில் செய்யச் சாக்பீஸ் போதும். அதுவரை உங்கள் முகம் விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, அதுதான் நமக்குக் கஷ்டம்!

செய்முறைக்கும் இதே வழிதான், முதலில் ஊகத்தை நோட்டில் எழுத வைத்துவிட்டு அப்புறம் செய்து காட்டுங்கள். இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒருவன் அசையாமல் பிடிக்க இன்னொருவன் இழுக்கட்டும். இழுப்பவனுடையதுதான் அதிகம் காட்டும் என்று பலர் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒரே அளவைக் காட்டும்போது ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற மூன்றாம் விதியைப் பற்றி அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள். தராசுகள் பூஜ்ஜியத்தில் நிற்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மின்சாரப் பாடத்தில், தொடர் இணைப்பில் உள்ள இரண்டு டார்ச் பல்புகளில் முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் ‘சாப்பிட்டுவிடும்’ என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய. முதல் பல்புக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், கடைசியிலும் அம்மீட்டரை வைத்துக் காட்டுங்கள், மூன்று இடத்திலும் ஒரே அளவு. பல்புகள் ஒரே வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று மங்கலாக எரிந்து அவர்கள் சொன்னதையே நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

எல்லாப் பாடவேளையிலும் இதைச் செய்ய நேரம் இருக்காது, ஒரு கருத்துக்கு ஒரு கேள்வி போதும். தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்ய வேண்டாம், போன தேர்வின் விடைத்தாள்களைப் புரட்டினால் பிள்ளைகளே எழுதி வைத்திருப்பார்கள், அதை அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள்.