‘ப’ போட்டு மூடாதீர்கள்: சீன எழுத்துப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன மொழியில் வாயைக் குறிக்கும் எழுத்து, பார்வைக்கு ஒரு சதுரம்தான். தமிழ் எழுதிப் பழகிய கைக்கு அதை எழுத எளிய வழி உடனே தோன்றிவிடும்: ஒரு ‘ப’ போட்டு, மேலே ஒரு கோட்டால் மூடிவிடுவது. சீனப் பிள்ளைகள் அப்படி எழுதுவதில்லை. முதலில் இடப்பக்கக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். பிறகு பேனாவை எடுத்து, மேல்கோட்டை இடமிருந்து வலமாக இழுத்து, மூலையில் நிறுத்தாமல் வலப்பக்கமாகக் கீழே இறக்க வேண்டும். திரும்பினாலும் இது ஒரே கோடு. கடைசியில் அடிக்கோடு. ஆக மொத்தம் 3 கோடுகள்.

இந்தக் கணக்கு வெறும் சம்பிரதாயமல்ல. அச்சு அகராதியில் உச்சரிப்பு தெரியாத ஒரு சொல்லைத் தேடும்போது, எழுத்தின் தலைப்பகுதியை (அகராதி எழுத்துகளை வகைபிரிக்கப் பயன்படுத்தும் உறுப்பை) கண்டுபிடித்தபின் மீதமுள்ள கோடுகளை எண்ணித்தான் பக்கத்தை அடைய முடியும். கைப்பேசியில் கோடுகளை அழுத்தித் தட்டச்சு செய்யும் முறையில் எல்லாக் கோடுகளும் 5 வகைக்குள் அடக்கம். அவற்றை எழுதும் வரிசையிலேயே அழுத்த வேண்டும். விரலால் திரையில் எழுதினால் மட்டும் கருவி பல பிழைகளைப் பொறுத்துக்கொண்டு சரியான எழுத்தையே காட்டிவிடும். அதனால்தான் அதை ஆசிரியராக நம்பக் கூடாது என்பேன்.

வரிசையைக் கவனிப்பவர்கள்கூடத் திசையை மறந்துவிடுகிறார்கள். ‘ஆயிரம்’ என்ற எழுத்தின் உச்சியில் இருக்கும் சிறு கோடு, வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் சரிய வேண்டும். அதை இடமிருந்து வலமாக இழுத்தால் கோடு தட்டையாகி, ‘உலர்ந்த’ என்ற பொருள் தரும் வேறோர் எழுத்தாகிவிடும். நீரோடு தொடர்புடைய எழுத்துகளின் இடப்பக்கத்தில் மூன்று சிறு கோடுகள் வரும். முதல் இரண்டும் கீழ்நோக்கி இறங்கும். மூன்றாவது கீழிருந்து மேலே வீசி எழும். பலர் மூன்றையும் காற்புள்ளி போலக் கீழே இழுத்துவிடுகிறார்கள். அந்த வீச்சு பேனாவை அடுத்த பகுதியின் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக் கோடு முதலில் என்ற விதிகளைப் படித்ததோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. ‘ஒன்பது’, ‘வலிமை’ ஆகிய இரு எழுத்துகளும் கிட்டத்தட்ட ஒரே சாயல் கொண்டவை. ஆனால் ஒன்பதில் சாய்கோடு முதலில் வரும். வலிமையில் வளைந்து கொக்கியில் முடியும் கோடு முதலில் வரும். ‘சிறிய’ என்ற எழுத்தில் நடுக்கோட்டை எழுதிவிட்டுப் பக்கங்களுக்குப் போக வேண்டும். ‘நெருப்பு’ என்றால் பக்கங்களில் உள்ள இரண்டு சிறு கோடுகளும் முன்னே வந்துவிடும். ‘நாடு’ என்ற எழுத்தில் பெட்டியின் மூன்று பக்கங்களைப் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி முடித்த பிறகே அடியை மூட வேண்டும். முன்கூட்டியே மூடிவிட்டு உள்ளே இடமில்லாமல் திணறாத தொடக்கநிலை மாணவர் அரிது. இவற்றை விதியாக மனனம் செய்வதைவிட எழுத்து எழுத்தாகக் கைக்குப் பழக்குவதே மேல்.

கண்ணில் பட்ட காணொளிகளையெல்லாம் கலந்து படிப்பது குழப்பத்தை இன்னும் பெருக்கும். ஜப்பானியரும் சீன எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் வரிசை சில இடங்களில் மாறும். சீனாவில் ‘அரசன்’ என்ற எழுத்துக்கு மேலே இரண்டு குறுக்குக் கோடுகள் போட்டபின் நெடுங்கோடு. ஜப்பானில் முதல் குறுக்குக் கோட்டுக்கு அடுத்தே நெடுங்கோடு. ‘வலது’ என்ற எழுத்தைச் சீனாவில் குறுக்குக் கோட்டிலும் ஜப்பானில் சாய்கோட்டிலும் தொடங்குகிறார்கள். தைவானுக்குத் தனி வழிகாட்டி இருக்கிறது. சீன அரசு 1997-இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை வகுத்தது; 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதி 8,105 எழுத்துகளுக்கு உரியது. ஜப்பானிய கல்வி அமைச்சகம் 1958-இல் வெளியிட்ட கையேடோ, தான் காட்டாத வரிசைகளைத் தவறென்று கொள்ள வேண்டியதில்லை என்று தானே சொல்கிறது. எந்த நாட்டு முறையானாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க நிரப்பும் பயிற்சியும் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. நான்காவது வரிக்குப் பிறகு மனம் எங்கோ போய்விடும். கை முந்தைய கட்டத்தைப் பார்த்துப் படம் வரையத் தொடங்கிவிடும். நான்காகப் பிரித்த கட்டங்கள் கொண்ட பயிற்சித்தாளில் சில முறை எழுதிவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுங்கள். கோடுகளின் நீளத்தையும் அப்போதே சரிபாருங்கள்: ‘மண்’ என்ற எழுத்தில் அடிக்கோடு நீளம், மேல்கோட்டை நீட்டினால் அது ‘அறிஞர்’ ஆகிவிடும்.

வரிசையின் உண்மையான பயன் பிறர் கையெழுத்தைப் படிக்கும்போது தெரியும். வேகமாக எழுதுபவர் பேனாவை எடுப்பதில்லை. கோடுகள் எழுதும் வரிசையிலேயே ஒன்றோடொன்று இழுபட்டு, வாய் என்ற சதுரமே ஒரு சுழியாகச் சுருங்கிவிடும். வரிசை தெரிந்தவருக்கு அந்த இழுப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியும். அதற்காக ஒவ்வொரு கோட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ‘பத்தாயிரம்’ என்ற எழுத்தில் மேல்கோட்டுக்குப் பிறகு கொக்கி முதலா, சாய்கோடு முதலா என்பதில் சீனப் பெரியவர்களே தடுமாறுவதுண்டு. விதிப்படி கொக்கிதான் முதலில்.