புல்தரைக்குப் பதில் பொடுதலை: பெங்களூரு வீட்டு முற்றத்துக்கு

கலிபோர்னியாவில் பல வீடுகளில் புல்தரையைப் பெயர்த்துவிட்டு, கடற்கரை மணல்மேட்டில் தானாக வளரும் ஒரு குட்டைக் கோரையை நடுகிறார்கள். கேரெக்ஸ் பேன்சா என்பது அதன் பெயர். தண்ணீர் கொஞ்சம் போதும், வெட்டும் வேலையும் சொற்பம். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே நர்சரிகளில் தேடி அலைய வேண்டாம். நம் கடற்கரை மணலிலும் சைபரஸ் அரீனாரியஸ் என்றொரு கோரை உண்டு. ஊருக்குப் போகும்போது அதைப் பிடுங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது.

பெங்களூரு செம்மண்ணுக்கு என் தேர்வு பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச வீட்டுப் பெரியவர்கள் தேடுவார்களே, அதேதான். வரப்பிலும் குளக்கரையிலும் கடலோர உப்பு மண்ணிலும் படரும்.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். மார்ச், ஏப்ரல் வெயிலில் பச்சைப் புல்தரைக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும். 20 சதுர மீட்டர் முற்றத்துக்கு தினமும் 80 லிட்டர்! 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும்.

முதல் வேலை: கோரையை எடுப்பது

கடற்கரைக் கோரை வேறு, முற்றத்தில் களையாக மண்டும் கோரை வேறு. இந்தக் களையை எடுப்பதுதான் மொத்த வேலையில் பாதி. முற்றத்தில் புல் போல் நிற்பதில் ஒரு தண்டைக் கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது கோரை, புல் அல்ல. இழுத்தால் மேலே உள்ளது மட்டும் அறுந்து வரும். கீழே கறுப்புக் கிழங்குகள், நூல் போன்ற தண்டில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்துக் கிடக்கும். கடப்பாரையால் ஓரடி ஆழம் நெம்பி, மண்கட்டியை உதிர்த்துக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் இயந்திரத்தை ஓட்டாதீர்கள், கிழங்குகளைத் துண்டாக்கி முற்றம் முழுக்கப் பரப்பிவிடும்.

இதைக் கோடை மழை பெய்யும் ஏப்ரல், மே மாதத்தில் செய்யுங்கள். ஈரம் பட்டதும் விட்டுப்போன கிழங்குகள் முளைக்கும். இரண்டு, மூன்று வாரம் காத்திருந்து அவற்றையும் தோண்டி எடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் பொடுதலைக்கு நடுவே வருஷக்கணக்கில் கோரை பிடுங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் நடவு

மேல் மண்ணை அரையடிக்குக் கொத்தி, மட்கிய உரத்தை மெலிதாகத் தூவினால் போதும். தினம் ஐந்து மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருக்கட்டும். மரநிழலில் பொடுதலை நெட்டையாகிச் சோனியாகிவிடும்.

ஜூனில் மழை பிடித்ததும் நடலாம். நர்சரியில் பெயர் சொன்னால் புரியாமல் போகலாம், படத்தைக் காட்டுங்கள். நுனிப்பக்கம் மட்டும் பல் வெட்டிய சின்ன இலை, குச்சி மேல் மிளகளவு வெள்ளைப் பூக்கொத்து, இதுதான் அடையாளம். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்துப் புதைத்துக் காலால் லேசாக அழுத்துங்கள். முக்கால் அடிக்கு ஒரு துண்டு. கணுவுக்குக் கணு வேர்விட்டு இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாளெல்லாம் தண்ணீர் விடுங்கள். பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டி, தரை மூடியதும் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் சரி. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் ஒரு பகுதிக்கு ஆகும். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். செடி தாங்கினாலும் மண் கெடும், அதனால் எப்போதாவது மட்டும்.

ஓரம் கட்டுங்கள்

பொடுதலைக்கு எல்லை தெரியாது. ஆஸ்திரேலியாவின் ஆற்றுச் சமவெளிகளில் அதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று பெரிய களையாகியிருக்கிறது. செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டுங்கள், தாண்டி வரும் கொடியை மாதம் ஒருமுறை கத்தரியுங்கள்.

நடக்கலாம், பாய் விரித்து உட்காரலாம். பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடும் இடமென்றால் இது தாங்காது. பூக்கும் காலத்தில் தேனீ நிறைய வரும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூ எடுத்ததும் கத்தரியால் மேலாக வெட்டிவிடுங்கள். ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் தேனீக்களுக்கு விட்டுவைக்கலாம்.