படலைக்கு முன் வாகன வழி அமைக்க அனுமதி பெறுதல்

படலைக்கு முன்னுள்ள வாய்க்காலும் வீதியோரமும் பொதுச்சொத்து என்பதால், நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவதற்கோ வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீற்று மூடி போடுவதற்கோ முன்னர், வீதி யாருக்குரியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. உரிய அலுவலகத்துக்குக் காணி உறுதியின் பிரதியையும் நில அளவை வரைபடத்தையும் இணைத்து எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பின்னரே மேசனை அழையுங்கள்.

வாய்க்காலுக்குள் சிறு குழாயைப் புதைத்து மண் நிரப்பினால், அதன் வாயில் தேங்காய் மட்டையும் பொலித்தீனும் சிக்கி, ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் அயலவரின் முற்றத்துக்கே ஏறும். ஆகவே, வாய்க்காலின் அகலமும் ஆழமும் குறையாமல், துப்புரவுக்குக் கழற்றக்கூடிய மூடிகளையே போடுங்கள்.