பழைய லே மான்ஸ் படத்தில் முன்-என்ஜின் ஃபெராரியைக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். ஃபெராரி என்றால் சிவப்பு என்று நினைத்து, ஒரு மஞ்சள் காரின் படத்தை நான் இரண்டு வருடம் வேறு உறையில் போட்டு வைத்திருந்தேன். பிரான்சில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், 1963இல் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்தே இரண்டாவதாக வந்த 250 ஜிடிஓ என்ற ஃபெராரி அது. மஞ்சள், பெல்ஜியத்தின் பந்தய நிறம். பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் 1960, 1961 இரண்டு வருடமும் இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை ஜெயித்த ஃபெராரி 250 ஜிடி கார்களும் கருநீலம்தான். மூக்கில் ஒரு வெள்ளைப் பட்டை.

சரி, எதைப் பார்ப்பது? ஓட்டுநரின் தலையை. பக்கவாட்டுப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தின் விளிம்பைப் படத்தின் மேல் வைத்து, இரண்டு சக்கரங்களின் நடுப்புள்ளியையும் தலை இருக்கும் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். தலை பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் என்ஜின் முன்னால் இருக்கிறது. அவ்வளவு நீளமான 12 சிலிண்டர் என்ஜினை முன்னால் வைத்தால் ஆள் பின்னால் தள்ளித்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது மூக்கு. கிரில்லுக்கு மேலே மூன்று அரைவட்ட ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அது ஜிடிஓ. ரேடியேட்டருக்குக் கூடுதல் காற்று வேண்டும்போது திறப்பார்கள், வேண்டாதபோது தகடு வைத்து மூடிவிடுவார்கள். மூடியிருந்தாலும் தகட்டின் விளிம்பு தெரியும். மூக்கு இவ்வளவு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஆயிலைத் தனித் தொட்டிக்கு மாற்றியதால் 3 லிட்டர் என்ஜினைக் கீழே இறக்க முடிந்தது. ஜிடி பிரிவு, அதாவது சாலைக் கார்களை ஒட்டிய பந்தயக் கார்களின் பிரிவுக்கு, 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இந்த என்ஜினோடு செய்தது 36 தான். ஏற்கெனவே இருந்த 250 ஜிடியின் அடுத்த வடிவம் என்று வாதாடித்தான் ஃபெராரி அனுமதி வாங்கியது. அப்புறம் 1962, 63, 64 மூன்று வருடமும் பெரிய ஜிடி பிரிவின் சாம்பியன் பட்டம் அவர்களுக்கே.

பலரும் தடுமாறும் இடம் 1964. அந்த வருடம் ஜிடிஓவின் உடலை மாற்றினார்கள். பார்வைக்கு அது, என்ஜின் நடுவில் உள்ள இன்னொரு ஃபெராரியான 250 எல்எம் மாதிரியே ஆகிவிட்டது. கண்ணை நம்பாதீர்கள், பென்சில் குறியை நம்புங்கள். எல்எம்மில் தலை நன்றாக முன்னால் வந்துவிடும்.

எழுபதுகளின் படமென்றால் டேடோனா என்று எல்லோரும் சொல்லும் 365 ஜிடிபி/4ஐத் தேடுங்கள். பந்தயக் காரில் புகைக்குழாய் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழேயே வெளியே வரும். 1972 லே மான்ஸில் ஐந்தாம் இடம் முதல் ஒன்பதாம் இடம் வரை ஐந்தும் இந்தக் கார்களே. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

2000க்குப் பிந்தைய படமென்றால் முன்-என்ஜின் ஃபெராரி 550 மாரனெல்லோவைத் தேடுங்கள்; பந்தயக் காரின் பின்பக்கத்தில் பெரிய இறக்கை இருக்கும். பந்தயத்துக்காக அதைத் தயார் செய்தது இங்கிலாந்தின் புரோடிரைவ் நிறுவனம். 2003 லே மான்ஸில் அதன் பிரிவில் முதலிடம். 2004இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் மொத்தப் போட்டியையே ஜெயித்தது. ஓட்டிய நால்வரில் லிலியன் பிரைனர் ஒருவர். அந்தப் பந்தயத்தை ஜெயித்த முதல் பெண். பக்கத்தில் ஓடும் மஞ்சள் நிற அமெரிக்க கொர்வெட் காருக்கும் என்ஜின் முன்னால்தான், அதனால் இங்கே தலைக்குறி உதவாது; காரின் முகப்பைப் பாருங்கள்.

கண்டுபிடித்ததும் ஆண்டையும் கார் எண்ணையும் படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள். பென்சிலாலேயே எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் வரை ஊறிவிடும்.