ரேஃப் வான் வில்லியம்ஸைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுவோம். எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'ரால்ஃப்' என்று வரும். ஆனால் அவர் பெயரை 'ரேஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். 1872-இல் இங்கிலாந்தின் டவுன் ஆம்ப்னி கிராமத்தில் பிறந்த இசையமைப்பாளர். 1958-இல் மறைந்தார். ஒன்பது சிம்பொனிகள், அதாவது ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய இசைக்குழுவுக்கான பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள், எழுதியிருக்கிறார்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். இவருடைய இசையில் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு மெட்டு இருக்கும். அந்த மெட்டை விடாமல் பின்தொடரக் கற்றுக்கொண்டால் போதும். இசைக்கோட்பாடு தெரிய வேண்டியதில்லை. ஒரு ஹெட்ஃபோனும் தினமும் இருபது நிமிடமும் இருந்தால் சரி.

படி 1: ஒரு மெட்டு போய்த் திரும்புவதைக் கவனியுங்கள்

'ஃபேன்டசியா ஆன் கிரீன்ஸ்லீவ்ஸ்' என்று தேடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புல்லாங்குழல் தொடங்கி வைக்கும், ஹார்ப் சேர்ந்துகொள்ளும், பிறகு தந்திக்கருவிகள் அந்தப் பழைய ஆங்கில மெட்டைப் பாடும். நடுவில் துள்ளலான வேறொரு மெட்டு வரும். அதுவும் 'லவ்லி ஜோன்' என்கிற நாட்டுப்பாடல்தான். அப்புறம் பல்லவிக்கு வருவது போல முதல் மெட்டு திரும்பும். அந்தத் திரும்பும் கணத்தை நீங்களே கண்டுபிடிக்கும்வரை மூன்று முறையாவது கேளுங்கள்.

படி 2: மெட்டுகள் வந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1903 டிசம்பரில் எசெக்ஸ் மாவட்டத்து இன்கிரேவ் கிராமத்தில் முதியவர் ஒருவர் 'புஷஸ் அண்ட் ப்ரையர்ஸ்' என்ற பாட்டை இவருக்குப் பாடிக் காட்டினார். அன்று தொடங்கி ஊர் ஊராகப் போய் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்தார். உழவர்களும் மீனவர்களும் பாடியவை. இந்தப் பாட்டைத் துணைக்கருவி இல்லாத தனிக்குரலில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதன் சாயலை இனி இவருடைய பெரிய படைப்புகளிலும் உணர்வீர்கள்.

படி 3: தாளத்தை விட்டுவிடுங்கள்

அடுத்தது 'தி லார்க் அசெண்டிங்'. வானம்பாடி மேலே பறந்து போவதைப் பாடும் ஒரு கவிதையிலிருந்து பிறந்தது. சுமார் பதினைந்து நிமிடம்.

தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா ஒரு மெல்லிய ஒலியைப் பிடித்து நிற்கும். அதன்மேல் தனி வயலின் ஐந்தே சுரங்களில் சுழன்று சுழன்று ஏறும். அந்த இடத்துக்கு எழுதிய இசைத்தாளில் தாளத்தைப் பிரிக்கும் கோடுகளே கிடையாது. ஆகவே காலால் தட்டிப் பார்க்காதீர்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது சிரமமாக இருக்காது. நடுப்பகுதியில் ஆர்கெஸ்ட்ரா கிராமத்து ஆட்டம் போல ஒரு மெட்டை எடுக்கும். வயலினோ அப்போதும் தன் வானத்திலேயே இருக்கும். கீழே ஊர், மேலே பறவை என்று இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முயலுங்கள்.

கடைசியில் மற்ற கருவிகள் எல்லாம் ஓய்ந்து வயலின் மட்டும் உயரே போய்க் கரையும். எங்கே முடிந்தது என்று சட்டென்று தெரியாது. உடனே அடுத்த பாட்டைப் போட்டுவிடாதீர்கள்.

1914-இல் எழுதியது. போர் குறுக்கிட்டதால் 1920-இல்தான் அரங்கேறியது. ஆர்கெஸ்ட்ராவோடு 1921-இல் முதன்முதலில் நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். அவரே 1967-இல் ஹியூ பீன் வயலினோடு செய்த ஒலிப்பதிவு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: இடத்தைக் கேளுங்கள்

இதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம். 'ஃபேன்டசியா ஆன் எ தீம் பை தாமஸ் டாலிஸ்'. என்னைக் கேட்டால் இவர் எழுதியதில் இதற்கு மேல் ஒன்றில்லை.

டாலிஸ் பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர். 1906-இல் வெளிவந்த தேவாலயப் பாடல் தொகுப்பைப் பதிப்பிக்கும்போது வான் வில்லியம்ஸ் அவருடைய இந்த மெட்டில் மனதைப் பறிகொடுத்தார். தோடி ராகத்துக்கு உள்ள சுரத்தானங்கள்தான் இந்த மெட்டுக்கும். கமகம் இல்லாததால் தோடியாகக் கேட்காது, ஆனால் அந்தக் கனம் இருக்கும்.

முழுக்கத் தந்திக்கருவிகள்தான், ஆனால் மூன்று குழு. பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று, ஒன்பதே பேர் கொண்ட சிறு குழு ஒன்று, நால்வர் குழு ஒன்று. 1910 செப்டம்பரில் குளோஸ்டர் பேராலயத்தில் இது முதலில் ஒலித்தது. கல்மண்டபத்துக்காகவே எழுதியது போல இருக்கும். பெரிய குழு ஒன்றைச் சொல்ல, சிறு குழு தொலைவிலிருந்து எதிரொலி போலப் பதில் சொல்லும். முதல் முறை அந்த அருகாமையையும் தொலைவையும் மட்டும் கவனியுங்கள்.

இரண்டாம் முறை மெட்டைத் தேடுங்கள். முதலில் கீழ்த்தந்திகள் அதைத் துண்டு துண்டாக மீட்டும். பிறகே முழுசாக வரும். நடுவில் வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலா தனியாகப் பேசத் தொடங்கும் இடத்தில் நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். அங்கிருந்து மெல்ல மெல்லக் கூடி, எல்லாரும் ஒன்றாக எழும் ஓர் உச்சத்துக்குப் போகும். ஜான் பார்பிரோலி நடத்திய 1962 ஒலிப்பதிவு லண்டன் டெம்பிள் சர்ச்சில் எடுத்தது. அந்தக் கட்டடமும் சேர்ந்து இசைப்பது கேட்கும்.

படி 5: சிம்பொனிக்குப் போகலாம்

நான்காவது சிம்பொனி கோபமானது. அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 'எ லண்டன் சிம்பொனி'யில் லண்டன் மணிக்கூண்டான பிக் பென்னின் மணியோசையை ஹார்ப் மீட்டும் இடத்தைத் தேடுவது நல்ல பயிற்சி. அதற்கடுத்து, 1943-இல் போர் நடுவே அரங்கேறிய ஐந்தாவதின் மூன்றாம் பகுதி.

பிறகு 'பாஸ்டரல் சிம்பொனி'. பெயரை வைத்து ஆங்கில வயல்வெளி என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அது பிரான்ஸின் போர்க்களப் பூமி. முதல் உலகப்போரில், நாற்பது வயதைத் தாண்டியும் தாமாகப் போய்ச் சேர்ந்து, மருத்துவப் படையின் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தவர் அவர். அங்கே ஒரு வீரர் ஊதுகொம்பு பழகும்போது மேல் ஸட்ஜத்தைத் தவறவிட்டு நிஷாதத்தில் நின்றது காதில் தங்கிவிட்டது. இரண்டாம் பகுதியில் டிரம்பெட் தனியாக ஊதும்போது அதைத்தான் கேட்கிறீர்கள். கடைசிப் பகுதி மெல்லிய முரசதிர்வோடு தொடங்கும். அதன்மேல் சொற்களே இல்லாமல் ஒரு பெண்குரல் தூரத்தில் பாடும். முடிவிலும் அந்தக் குரல் வரும். மெல்லியதாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டாதீர்கள், அது தொலைவிலேயே இருக்கட்டும்.