கப்பலேறும் சிறுவனுக்கு 1792-ஆம் ஆண்டின் உடை

பினாங்கில் முப்பது வருஷமாகத் தைக்கிறேன். ரவிக்கை, பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை எல்லாம் கைக்குப் பழகியவை. போன வருஷம் என் பேரன், பள்ளி நாடகத்தில் வில்லியம் லைட்டாக நடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு ஏழு வயது. 1786-இல் இந்தத் தீவில் ஆங்கிலேயக் கொடி ஏற்றிய பிரான்சிஸ் லைட்டின் மகன்தான் வில்லியம். அதே வருஷம் பிறந்த பிள்ளை. ஆறு வயதில் தாய் மார்ட்டினா ரோசல்ஸை விட்டுப் பிரித்து, படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு இடம் பார்த்து அளந்த கர்னல் லைட் அவர்தான். நாடகத்தின் கடைசிக் காட்சியில் பையன் படகில் நின்று அம்மாவுக்குக் கையசைக்க வேண்டும்.

வாடகைக் கடை ஒன்றில் கொடுத்தனுப்பிய உடையைப் பார்த்ததும் மனம் ஒப்பவில்லை. பளபளக்கும் பாலியெஸ்டர், முட்டி வரைக்கும் கால்சட்டை, முதுகில் ஜிப். அந்தக் காலத்துப் பெரிய மனிதர் உடையைச் சுருக்கிப் பிள்ளைக்கு மாட்டியது போல இருந்தது. 1790-களில் ஆங்கிலேயப் பையன்கள் அப்படி உடுத்தவில்லை. பெரியவர்கள் முட்டிக்குக் கீழே முடியும் கால்சட்டையும் நீளக் காலுறையும் அணிந்துகொண்டிருந்தபோதே, பையன்கள் கணுக்கால் வரை நீண்ட தொளதொளப்பான கால்சட்டைக்கு மாறிவிட்டார்கள். மேலே இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டை. கால்சட்டையை அந்தச் சட்டையின் மேலேயே பட்டன் போட்டு மாட்டிவிடுவார்கள். பெல்ட் கிடையாது, நாடா கிடையாது. இதற்கு ஸ்கெலிட்டன் சூட் என்று பெயர். 1780-களிலிருந்து 1830 வரைக்கும் இதுதான் பையன்களின் உடை. ஸ்பெயின் ஓவியர் கோயா 1787 வாக்கில் வரைந்த, சிவப்பு உடையில் கயிறு கட்டிய பறவையோடு நிற்கும் சிறுவன் படத்தைத் தேடிப் பாருங்கள். நான் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தது அதைத்தான்.

துணியிலிருந்து தொடங்குவோம். பருத்தியும் லினனும் மட்டுமே வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் இருந்தால் நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகக் கட்டிக்கொள்ளும். உள்சட்டைக்கு வெள்ளை லாங் கிளாத் போதும். அது நம் சோழமண்டலக் கரையின் சரக்கு. 35 கஜத்துக்கு மேல் ஒரே துண்டாக நெய்ததால் வந்த பெயர் அது. நாகூர், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி விற்ற ஊர் இது. வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தைக்கிறோம் என்றாலும், பினாங்கில் அவன் உடம்பில் நம் நெசவாளி நெய்த பருத்தி இருந்திருக்கும் என்று சொன்னால் அது மிகையில்லை. இதை நினைத்துக்கொண்டே வெட்டினேன், கைக்கு ஒரு தனி உற்சாகம் வந்தது.

மேல்சட்டைக்கும் கால்சட்டைக்கும் அந்தக் காலத்தில் நான்கீன் என்ற சீனப் பருத்தி பிரபலம். லேசான மஞ்சள் கலந்த பழுப்பு, கெட்டியான சாதா நெசவு. அது கிடைக்காது என்பதால், வெளுக்காத கெட்டிக் காடாத் துணி 2 மீட்டர் எடுத்துத் தேயிலைச் சாறில் அரை மணி நேரம் ஊற வைத்து நிழலில் உலர்த்தினேன். அந்தக் காலத்து முறை இதுவல்ல, ஆனால் நிறம் சரியாக வந்தது. வேறு நிறம் வேண்டுமென்றால் அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு இரண்டும் பொருந்தும். பளிச்சென்ற ஊதா வேண்டாம். முதல் ரசாயனச் சாயம் 1856-இல்தான் வந்தது. எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஓர் இரவு போட்டு வைத்துவிடுங்கள்.

உள்சட்டை ரொம்பச் சுலபம், ஏனென்றால் அதில் வளைவே இல்லை. எல்லாம் சதுரமும் நீள்சதுரமும்தான். துணி விலை அதிகமாக இருந்த காலம், ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்று யோசித்து வைத்த வெட்டு அது. 44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் போதும். உடலுக்கு 26 அங்குல அகலம், 52 அங்குல நீளம். அதை இரண்டாக மடித்தால் மடிப்புதான் தோள், தனியாகத் தோள் தையல் கிடையாது. பக்கத்தில் மிஞ்சும் 18 அங்குலத்தில் ஓரமாக 2 அங்குலப் பட்டை இரண்டு நீளவாக்கில் வெட்டிவிடுங்கள், அது காலர் சுருக்குக்கு. மிச்சத்தில் கைக்கு 14-க்கு 16 அங்குலத்தில் இரண்டு துண்டு, காலருக்கு 12-க்கு 8, மணிக்கட்டுப் பட்டைக்கு 7-க்கு 3 இரண்டு, அக்குளுக்கு 4 அங்குலச் சதுரம் இரண்டு, கழுத்தோரத் தோளுக்கு இரண்டரை அங்குலச் சதுரம் இரண்டு. எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கழுத்துக்கு வட்டம் வெட்டாதீர்கள். தோள் மடிப்பில் குறுக்காக ஒரு கீறல், முன்பக்கம் கீழே 6 அங்குலம் ஒரு கீறல். குறுக்குக் கீறலின் இரு முனையிலும் சின்னச் சதுரத்தை முக்கோணமாக மடித்து வைத்துத் தைத்தால் கழுத்து தானாக உட்காரும். காலரைச் சுற்றிப் பட்டையைச் சுருக்கி வைத்து, மேல்சட்டைக்கு வெளியே விரித்து விட வேண்டும். டை கட்டக் கூடாது.

மேல்சட்டையில்தான் நான் சறுக்கினேன். பழக்கதோஷத்தில் பள்ளிச் சீருடைக்கு வெட்டுவது போலவே கைக்குழியைத் தாராளமாக வெட்டிவிட்டேன். ஒத்திகையில் பையன் கையசைக்கக் கையை உயர்த்தினான். குழி கீழே இருந்ததால் கையோடு சட்டை முழுவதும் மேலே போனது. சட்டையோடு பட்டனில் மாட்டியிருந்த கால்சட்டையும் மேலே இழுபட, முதுகுப்பக்கம் இரண்டு பட்டன் தெறித்து விழுந்தது. பிள்ளை அழுதுவிட்டான். எனக்கும் நெஞ்சு பிசைந்தது. வெட்டிய துணியைக் கூட்ட முடியாது. உடம்புத் துண்டை மறுபடி புதிதாகத்தான் வெட்டினேன்.

அதனால் இதை நன்றாக மனதில் வையுங்கள்: கைக்குழி அக்குளை ஒட்டி, மேலேறி, சின்னதாக இருக்க வேண்டும். ஒரு விரல் நுழையும் இடம் போதும். போட்டுப் பார்க்கும்போது பிடிப்பது போலத் தெரியும், ஆனால் கை சுதந்திரமாக உயரும், சட்டை இருந்த இடத்தில் நிற்கும். முதுகை ஒடுக்கமாக வெட்டித் தோள் தையலை ஓர் அங்குலம் பின்னால் தள்ளுங்கள். கை இரண்டு துண்டு, முழங்கையில் லேசாக வளைந்து வர வேண்டும். உள்ளே மெல்லிய வெள்ளைப் பருத்தி லைனிங் கொடுத்தேன். பட்டன் நுனி உடம்பில் உரசாமல் இருக்க அது தேவை, வியர்வையையும் அது வாங்கிக்கொள்கிறது.

கால்சட்டை மார்புக்குச் சற்றுக் கீழே தொடங்கும். இடுப்புப் பட்டை மேல்சட்டையின் கீழ் ஓரத்தின் மேல் இரண்டரை அங்குலம் ஏறி நிற்க வேண்டும். பின்பக்கத் துணியை முன்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக வெட்டி, பட்டைக்குள் சுருக்கி வையுங்கள். பிள்ளை உட்காரும்போதும் குனியும்போதும் அந்த ஒன்றரை அங்குலம்தான் காப்பாற்றும். முன்னால் ஜிப்புக்குப் பதில் ஒரு மடல்: மேலே இரண்டு மூலையிலும் பட்டன், அவிழ்த்தால் முன்னால் சரியும். கழிப்பறைக்கு அவசரமாக ஓடும் வயதுப் பையனுக்கு இதை வீட்டிலேயே பத்துத் தடவை பழக்கிவிடுங்கள். சுற்றிலும் பட்டன் நாலு வைத்தேன் முதலில், பிறகு பத்தாக்கினேன். பட்டன் மேல்சட்டையில், காஜா என்கிற பட்டன் துளை கால்சட்டைப் பட்டையில்.

காஜா கையால்தான் எடுக்க வேண்டும். மெஷின் காஜாவைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். முதலில் துளையை வெட்டி, ஓரத்தைப் பிசிறு போகாமல் சுற்றித் தைத்து, அதன் மேல் முடிச்சு முடிச்சாகக் காஜாத் தையல். நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் சிக்காது, முடிச்சுகள் மணி மணியாக வரிசையில் உட்காரும். ஒரு காஜாவுக்கு இருபது நிமிஷம் ஆனது. பட்டனுக்கு மரவட்டத்தின் மேல் அதே துணியைச் சுருக்கி மூடினேன், பித்தளையும் பொருந்தும். உள்ளே மறையும் நீளத் தையலை மட்டும் மெஷினில் ஓட்டினேன், அதற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கண்ணில் படும் ஓரம், காலர், மடல் எல்லாம் கைத்தையல்.

இடுப்பில் நீலத் துணியில் ஒரு கச்சை, கறுப்புத் தட்டைச் செருப்பு, வெள்ளைக் காலுறை. தலைக்கு விக் வேண்டாம், பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் சொந்த முடிதான்.

சூலியா வணிகரின் மகனாக நடித்த பையனுக்கு வெள்ளைத் துணியை இடுப்பில் சுற்றிவிட ஐந்து நிமிஷம்தான் ஆனது.

கடைசியாக, கால்சட்டையின் கீழ்ப்பக்கம் அரை அங்குல மடிப்பு மூன்று போட்டுத் தையுங்கள். வளரும் பிள்ளைக்கு அன்றும் அப்படித்தான் வைத்தார்கள், பார்க்கவும் அழகு. மூன்றும் சேர்ந்து மூன்று அங்குலத் துணி உள்ளே இருக்கும். இந்த ஆகஸ்டில் மறுபடி நாடகம் போடுகிறார்கள். நேற்று பேரனை நிற்க வைத்து இரண்டு மடிப்பைப் பிரித்து விட்டேன், கால்சட்டை கணுக்காலில் வந்து சரியாக நின்றது.